கட்டாத நண்டு

நம் வயதுப் பெண்களில் இந்தக் கரையில் மிஞ்சியிருப்பது நாம் நால்வர்தான். உங்கள் மூவருக்காகவே இதை எழுதுகிறேன். தோணிரேவுக்காரிக்குப் படிக்கத் தெரியும், அவள் மற்ற இருவருக்கும் படித்துச் சொல்லட்டும். நடுவில் எந்த வரியையும் விழுங்கிவிடக் கூடாது, பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

போன வாரம் உபாத்தியாயர் செத்துப்போனார். நீங்கள் மூவரும் போய் அழுதுவிட்டு வந்தீர்கள். ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டீர்கள், முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் ஏரியில் இறங்கி அரைப் பறி இறால் பிடித்தேன். எனக்கு அழுகை வராது என்று தெரிந்ததால் வரவில்லை.

மறுநாள் தோணிரேவுக்காரி ஓர் ஓலையை மடியில் ஒளித்துக்கொண்டு என் குடிசைக்கு வந்தாள். அவர் வீட்டுக் கூரைக் கீற்றுக்குள் செருகியிருந்ததாம். ஒரே ஓலை, இரண்டு பக்கமும் எழுதியது. "எழுத்த பார்த்ததும் உன்னுதுன்னு தெரிஞ்சிபோச்சி. இத்த கொளுத்திடு. செத்தவரோட போவட்டும்" என்றாள். "நீ கடைசி வரிய எழுதாம இருந்திருந்தா அந்த மனுஷன் கஞ்சிக்கு வீடு வீடா நின்னிருக்க மாட்டாரு" என்றும் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். கொளுத்த மாட்டேன். அதற்கான காரணத்தில் பாதியை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள், ஆனால் மறந்துவிட்டீர்கள். மீதிப் பாதி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது.

அது ஒல்லாந்தர் கொடி கோட்டையில் பறந்த காலம். இன்று அந்த இடத்தில் செங்கல்லும் முள்ளும்தான் கிடக்கின்றன, இங்கிலீஷ்காரன் வந்து இடித்துத் தள்ளிவிட்டான். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் பருவம். இறாலுக்கும் நண்டுக்கும் குறைவில்லாத நாட்கள். வலை வைத்திருந்தவர்கள் தங்கள் பாட்டில் வலை கட்டினார்கள். எங்களுக்கு வலையும் கிடையாது, தோணியும் கிடையாது. கைதான் எல்லாம்.

அம்மா விடியும்போதே இறங்கிவிடுவாள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவாள். கையில் இறால் தட்டுப்பட்டால் அப்படியே பறிக்குள் போகும். வெயில் ஏறும்வரை அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பல்லைத் திறந்தால் பறி விழுந்துவிடும். கரையேறிய பிறகும் கொஞ்ச நேரத்துக்குத் தாடை மரத்துப்போய் அவளுக்குப் பேச்சு குழறும். அந்தப் பறியின் விளிம்பில் அவளுடைய பல் பதிந்த இடம் கறுத்துப் பளபளவென்று இருந்தது. அந்தப் பறி எப்போது எங்கே போயிற்று என்று எனக்கு நினைவில்லை, அதன் நாற்றம் மட்டும் நினைவிருக்கிறது.

தடவிப் பிடிக்கிறதால் ஊரில் எங்களுக்குத் 'தடவுறவங்க' என்று பெயர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற நண்டைக் கட்டுவோம், கொடுக்கை மடக்கிப் பனைநாரால் இறுக்கி முடிச்சுப் போட்டுத்தான் சந்தைக்குக் கொண்டுபோவோம். சொந்தக்காரருக்குக் கொடுக்கிற நண்டைக் கட்ட மாட்டோம். பிள்ளை பிறந்த வீட்டுக்கும், சம்பந்தம் பேசப் போகிற வீட்டுக்கும், கோபித்துக்கொண்டு போன மைத்துனன் வீட்டுக்கும் கட்டாத நண்டுதான் போகும். என்னிடம் உனக்குப் பயம் வேண்டாம், உன்னிடம் எனக்கும் பயமில்லை என்று அதற்கு அர்த்தம். சொந்தக்காரன் வீட்டு வாசலில் கட்டிய நண்டை வைத்தால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னதாக ஆகும். இது எங்கள் குடிசைகளில் பால்குடிக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற பாடம். ஊரில் வேறு யாருக்கும் இது தெரியாது என்பது என்னைப் பெற்ற நைனாவுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பச் சொன்னது கோட்டைச் சமையல்காரி. பெரிய துரையின் அடுக்களையில் வேலை செய்த விதவை அவள். அம்மாவின் இறாலை அவள்தான் வாங்குவாள். ஏரிக்கரைப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்க்கச் சொல்லிப் புதிதாக வந்த பெரிய துரை உத்தரவு போட்டிருக்கிறார், உன் பெண்ணையும் அனுப்பு என்றாள். எங்கள் குடிசைகளிலிருந்து ஆறு பிள்ளைகள் போனோம். உங்களில் இரண்டு பேர் அந்த ஆறு பேரில் சேர்ந்தவர்கள். தோணிரேவுக்காரி வலைக்காரர் வீட்டுப் பெண், அவள் உள்ளே உட்கார்ந்தாள்.

உள்ளே, வெளியே என்று இப்போது எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கோட்டை மதிலை ஒட்டிய கீற்றுக் கொட்டகை அது. கணக்கர், துணி வியாபாரிகள், வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே பாய். எங்கள் ஆறு பேருக்கும் வெளியே மணல். நாங்கள் உள்ளே வந்தால் சேற்று நாற்றம் வருமாம். உபாத்தியாயர் வெளியே வரவே மாட்டார். வாசல் நிலையில் நின்றுகொண்டு ஒரு நீளமான மூங்கில் கழியை நீட்டி எங்கள் எழுத்தைக் காட்டுவார், அதே கழியால் அடிப்பார். தாகம் என்றால் உள்ளேயிருந்து ஒரு பையன் வந்து அகப்பையை உயரத் தூக்கி ஊற்றுவான், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். பாதித் தண்ணீர் மணலுக்குத்தான் போகும்.

எல்லாப் பிள்ளைகளும் முதலில் மணலில்தான் எழுதிப் பழகுவார்கள். எழுத்து படிந்ததும் உபாத்தியாயர் ஓலை கொடுப்பார். ஓலை கிடைத்த வீட்டில் அன்றைக்கு வெல்லம் கலந்த அரிசி கொடுப்பார்கள். தோணிரேவுக்காரிக்கு இரண்டாம் மாதமே கிடைத்துவிட்டது. நான் ஒரு கூர்மையான சிப்பியை வைத்துக்கொண்டு மணலில் எழுதினேன். நான் எழுதினதைக் காற்று தின்றுகொண்டே இருந்தது. உயிரெழுத்து, மெய்யெழுத்து, கூட்டெழுத்து என்று உள்ளே சொல்லிக் கொடுத்ததையெல்லாம் காதால் பிடித்து எழுதிக் காட்டினேன். ஓலை எப்போது என்று கேட்டேன். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தடவுற கைக்கு ஓலை எதுக்கு?"

அதற்குப் பிறகு நாங்கள் ஆறு பேரில் யார் என்ன கேட்டாலும் அதே பதில்தான். உள்ளே இருந்த பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். தோணிரேவுக்காரி, நீயும்தான் பாடினாய்.

நான் வீட்டில் சொன்னேன். நைனா நல்ல மனிதர், உலகத்தில் எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று நம்பியவர். நாம் இன்னும் அவரைச் சொந்தமாக எண்ணி ஒன்றும் கொடுக்கவில்லை, அதுதான் அவருக்கு மனக்குறை என்றார். மறுநாள் ஏரியில் பாதிப் பகல் அலைந்து, ஒவ்வொன்றும் என் இரண்டு கை அகலத்துக்கு எட்டு நண்டு பிடித்து, கூடையில் போட்டு, மேலே ஈரப் பாசியை மூடி, உபாத்தியாயர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றையும் கட்டவில்லை. மிக உயர்ந்த மரியாதையைச் செய்துவிட்ட சந்தோஷத்தில் பாடிக்கொண்டே திரும்பி வந்தார்.

கூடைக்குள் கையை விட்ட உபாத்தியாயரின் கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்துக்கொண்டது. மற்றவை வீடெல்லாம் ஓடின. அவர் மனைவி பெட்டிமேல் ஏறி நின்றாராம். இதை நாம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மறுநாள் நடந்ததை நாம் சொல்வதே இல்லை.

மறுநாள் அவர் முதல் முறையாக நிலையைத் தாண்டி வெளியே வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. இன்னொரு கையில் பனைநார் இருந்தது. என்னை எழுப்பி, வடிகால் பக்கத்தில் தனியாக உட்காரவைத்தார். "உங்கப்பன் நண்ட ஏவிவிட்டு என்னைக் கடிக்க வச்சான். கடிக்கிற கைய கட்டித்தான் வைக்கணும்" என்று சொல்லி, என் இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, நாரைச் சுற்றி, நண்டைக் கட்டுவது போலவே கட்டினார். உச்சிவெயில்வரை அப்படியே உட்கார்ந்து எழுத்துகளை உரக்கச் சொல்ல வேண்டும் என்றார். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது, ஓட்ட முடியவில்லை. உள்ளே சிரித்தார்கள். மற்ற ஐந்து பேரும் சிப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுத்துகளைச் சொன்னேன். ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை, அதை இன்றும் கர்வத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அப்போதுதான் கரையேறியிருந்தாள், பறி இன்னும் பல்லில் இருந்தது. என் மணிக்கட்டைப் பார்த்தாள். முடிச்சு எப்படிப்பட்டது என்பது அந்தத் தழும்பிலேயே அவளுக்குத் தெரிந்தது. பறி வாயிலிருந்து விழுந்தது, காலையெல்லாம் பிடித்த இறால் மணலில் துள்ளியது. அவள் அதை எடுக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நைனா குறுக்கே நின்றார். நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை இன்னும் பெரிய நண்டாகக் கொண்டுபோகிறேன் என்றார். கோட்டையைப் பகைத்தவர்களைக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். என் சித்தப்பா அப்படிப் போனவர்தான், உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. நைனாவின் பயம் பொய்ப் பயமில்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அவரைக் கோழை என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இறால் வரவில்லையே என்று தேடிக்கொண்டு சமையல்காரி வந்தாள். அம்மா என் கையை அவள் முன்னால் நீட்டினாள். சமையல்காரி அதைப் பார்த்தாள். ஆறு வீட்டுக்காரர்களையும் கூப்பிடச் சொன்னாள். எல்லாரும் எங்கள் குடிசை முன்னால் கூடியதும் நைனாவைப் பார்த்துப் பேசினாள்.

"தனியா போனவன் அழுதுகினுதான் திரும்பி வருவான். கையில இன்னாத்தையாவது எடுத்துகினு போனவன் அத்தையும் உட்டுட்டு அழுதுகினு வருவான். அடுக்களையிலேர்ந்து இத்தினி வருஷமா பார்க்கிறேன்" என்றாள். "திங்கக்கெழம துரை வாசல்ல வந்து குந்துவாரு. ஆறு வூடும் ஒண்ணா வாங்க. வெறுங்கையோட வாங்க. புள்ளைங்களே சொல்லட்டும், என்னைக்கு நடந்திச்சி, யாரு பார்த்தாங்கன்னு. ஒரே ஒண்ணு கேளுங்க. ரெண்டு கேட்டா ரெண்டும் கெடைக்காது."

என்ன கேட்பது என்று அன்று மாலைவரை வாதம் நடந்தது. அவரை வேலையைவிட்டுத் துரத்த வேண்டும் என்றாள் அம்மா. அதைக் கேட்டால் நம்மைத்தான் துரத்துவார்கள் என்றார்கள் மற்றவர்கள். பிள்ளைகளுக்கு உள்ளே இடமும் ஓலையும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதாக முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் எல்லார் முன்னாலும் 'நான் கட்டினேன், அது தப்பு' என்று சொல்ல வேண்டும், எனக்கு அது போதும் என்று சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை போனோம். கோட்டை வாசலில் நாற்காலி போட்டுப் பெரிய துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துபாஷி, எதிரில் உபாத்தியாயர், அவர் பின்னால் உள்ளே உட்காரும் பிள்ளைகளும் அவர்கள் அப்பன்மாரும். நாங்கள் ஈர மணலில் நின்றோம். இந்தக் கூட்டத்தார் என்மேல் நண்டை ஏவிவிட்டார்கள் என்று உபாத்தியாயர் விரலைக் காட்டினார். நைனா கும்பிட்டுக்கொண்டே பேசினார்.

"சொந்தக்காரருக்குத்தாங்க நாங்க நண்ட கட்டாம குடுப்போம். வாத்தியாரய்யாவ சொந்தமா நெனச்சி குடுத்தேன். கட்டி குடுத்தா அது ஏவாரம். இல்லாட்டி பகை."

துபாஷி அதை மொழிபெயர்த்ததும் துரை வயிறு குலுங்கச் சிரித்தார். துபாஷி சிரித்தார், வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நைனாவும் கைகளைக் கூப்பியபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, நைனாவுடையதையும் சேர்த்துத்தான். உபாத்தியாயர் மட்டும் சிரிக்கவில்லை. நைனா சொன்னதை அவர் ஒருவர்தான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கையைக் கட்டியதைக் கேட்டபோது, கட்டவே இல்லை என்றார். தழும்பு அதற்குள் மறைந்துவிட்டிருந்தது. யார் பார்த்தது என்று துபாஷி கேட்டார். உள்ளே உட்காரும் பிள்ளைகள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒரு சின்னக் குரல் வந்தது.

"பனநாரால கட்டுனாரு. நான் பார்த்தேன்."

தோணிரேவுக்காரி, அது நீ. உன் நைனா உன் கையைப் பிடித்து இழுத்ததையும், நீ மறுபடி ஒரு தடவை அதையே சொன்னதையும் நான் பார்த்தேன். நீ பாடின பாட்டையெல்லாம் அன்றைக்கே கழித்துவிட்டேன். உனக்கு நான் எதையும் மறுக்கக் கூடாதவள்தான். ஆனாலும் ஓலையைக் கொளுத்த மாட்டேன்.

இவளுக்கு எழுத்தே வராது, அதனால்தான் ஓலை கொடுக்கவில்லை என்றார் உபாத்தியாயர். துரை ஓர் ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கச் சொன்னார். என் வாழ்நாளில் முதல் முறையாக அவற்றைத் தொட்டேன். மணலில் சிப்பியை அழுத்துகிற மாதிரி அழுத்தினேன், ஓலை கிழிந்துவிட்டது. இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் கிழிந்தது. உபாத்தியாயர் துபாஷியைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

நான் எழுத்தாணியைக் கீழே வைத்தேன். மண்டியிட்டு, துரையின் காலுக்கு எதிரே ஈர மணலில் விரலால் எழுதினேன். எதை எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, தினமும் காதில் விழுந்தது அதுதான். எழுதி முடித்து எழுந்து நின்றேன். துபாஷி குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

"தடவுற கைக்கு ஓலை எதுக்கு."

யார் சொன்னது இது என்று துரை கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

அடுத்த பிறைக்குள் ஆறு பேருக்கும் ஓலை கொடுக்க வேண்டும், எல்லாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று. எங்கள் ஆட்கள் திருவிழா முடிந்து வருகிற மாதிரி திரும்பி வந்தார்கள். அம்மா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தாள். கட்டினதுக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்டேன். கிடைத்ததை வைத்துக்கொள், அதையும் கேட்டிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றாள் சமையல்காரி. அவள் சொன்னது சரிதான். அவள் இல்லாவிட்டால் நாங்கள் அரிவாளோடு போய்க் கப்பலில் ஏறியிருப்போம். அவளை நான் தெய்வமாகத்தான் நினைக்கிறேன். ஆனால் என் கையில் விழுந்த முடிச்சை அன்றைக்கு யாரும் அவிழ்க்கவில்லை.

அவர் எனக்கு ஓலையைக் கையில் கொடுக்கவில்லை. பாய்மேல் போட்டார், நான் பொறுக்கிக்கொண்டேன். அதன்பின் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். நீங்கள் இருவரும் வெறுத்துப்போய் அடுத்த மழைக்குள் நின்றுவிட்டீர்கள், மற்ற மூவரும் அப்படியே. நான் நிற்கவில்லை. அவர் முதுகைப் பார்த்தே படித்தேன். படிப்பின்மேல் ஆசையால் அல்ல. வஞ்சத்தால் படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுத்தாணி பிடிக்க இடது கட்டைவிரல் நகத்தில் வெட்டுகிற பள்ளம் இன்றும் என் விரலில் இருக்கிறது, நகம் வளர வளர வெட்டிக்கொள்கிறேன்.

பிறகு ஒல்லாந்தர் போனார்கள், கோட்டை போயிற்று, கொட்டகையும் போயிற்று. வேறு பள்ளிக்கூடங்கள் வந்தன, வேறு உபாத்தியாயர்கள் வந்தார்கள், மணலில் உட்காருகிற பிள்ளைகள் மட்டும் மாறவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் என்னிடம் வந்தார்கள். நான் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். என்றைக்கு நடந்தது, யார் பார்த்தது என்று சமையல்காரி சொல்லச் சொன்னதைத்தான் கேட்பேன். தனியாகப் போகாதீர்கள், எதையும் கொண்டுபோகாதீர்கள் என்பேன். ஒன்றை மட்டும் அவள் சொன்னபடி செய்ய மாட்டேன். எல்லா மனுவிலும் இரண்டு கேட்பேன். பிள்ளைக்கு உள்ளே இடம் வேண்டும். அதோடு, செய்தவர் தன் வாயால் தப்பு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சில இடத்தில் இரண்டும் கிடைத்தது. சில இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. முதலில் பிள்ளையைத்தான் கேட்பேன், உனக்கு என்ன வேண்டும் என்று.

இனி உங்களுக்குத் தெரியாத பாதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை வேளையில் உபாத்தியாயர் என் குடிசைக்கு வந்தார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், கண்ணில் புரை விழுந்திருந்தது. பொன்னேரிச் சர்க்கார் கச்சேரியில் மனு கொடுத்தால் பழைய உபாத்தியாயர்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்வார்களாம். அவரால் எழுத முடியவில்லை. எழுதத் தெரிந்தவள் இந்தக் கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது யாருடைய மகள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. குடிசைக்குள் வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வாசலில் மணலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சொம்பில்தான் கொடுத்தேன், கையில் ஊற்றவில்லை. அப்படி ஊற்றத்தான் மனம் வந்தது, அம்மாவை நினைத்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். எத்தனை வருஷம் கற்பித்தார், எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், இப்போது எப்படி நிராதரவாக இருக்கிறார், ஒன்றையும் குறைக்கவில்லை. கடைசியில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். பிறகு முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன், கடைசி வரியையும் சேர்த்துத்தான்: 'இவர் ஏரிக்கரைப் பிள்ளைகள் ஆறு பேரை வெளியே மணலில் உட்காரவைத்தவர். அவர்களில் ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் நண்டைக் கட்டுவதுபோல் கட்டியவர். அந்தப் பெண் எழுதியது இது.'

நான்தான் பேசினேன்.

"இதுல பொய் இருந்தா சொல்லுங்க. அந்த வரிய அடிச்சிடறேன். பொய் இல்லன்னா, நான் கட்டுனேன், அது தப்புன்னு என்கிட்ட ஒரு தடவ சொல்லுங்க. அப்பவும் அடிச்சிடறேன்."

எழுத்தாணி என் கையில் தயாராக இருந்தது. அவர் சொல்லியிருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன், அது சத்தியம். ஒரு தடவை போதும், மெதுவாகச் சொல்லியிருந்தாலும் போதும். சுற்றிலும் யாரும் இல்லை. அவர் கையை நீட்டினார். பிறகு, "ஓலையைக் குடு" என்றார்.

கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போவார், கச்சேரியில் யாராவது உரக்கப் படிப்பார்கள், எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். கச்சேரியில் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், அவர் போகவே இல்லை என்பதைக் கூரையில் கிடைத்த ஓலையால் இப்போதுதான் அறிகிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிடப் பன்னிரண்டு வருஷம் வீடு வீடாகக் கஞ்சிக்கு நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கிழித்துப் போட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. பட்டினி போட்டது என் வரி என்கிறாய், தோணிரேவுக்காரி. அந்த வரியை அழிக்கிற வழியை அவர் கையிலேயே கொடுத்துத்தான் அனுப்பினேன். எனக்குத் துக்கம் இல்லை. கச்சேரியில் அதைப் படிக்கவில்லையே என்ற குறைதான் இருக்கிறது. ஆகவே அதை நானே படிக்கப் போகிறேன். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுவேன்.

அன்றைக்கு அவர் எழுந்தபோது, சந்தைக்கென்று கட்டி வைத்திருந்த நண்டுகளில் இரண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பசித்த மனிதர், வாங்கிக்கொண்டார். கண் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டைத் தடவினார், மடக்கிய கொடுக்கைத் தடவினார், விரல் பனைநார் முடிச்சுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கோட்டை வாசலில் எல்லாரும் சிரித்தபோது அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கட்டித்தான் குடுக்கிறியா?" என்றார்.

"ஆமாங்க வாத்தியாரே" என்றேன். "உங்களுக்குக் கட்டித்தான்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு கையில் ஓலையும் மறு கையில் நண்டுமாகக் கரையோரமாகவே நடந்து போனார். நான் உள்ளே போய் மிச்சம் இருந்த நண்டுகளைக் கட்டினேன்.